கன்னி மூலையில் ஒரு பல்லி

ஜூலை 4, வெள்ளி

முன் அறைக்கு இன்று கெடு விதிக்கப்பட்டது.

காலை இட்லி வேளையில் பழனியப்பன் மாமா வந்தார். என் கணவர் தண்டபாணியின் அண்ணன். அடுத்த தெருவில் இருக்கிறார். பெட்ஷீட் வியாபாரம். அவருடைய கிடங்கின் தகரக் கூரை ஒழுகுகிறதாம். தீபாவளிச் சரக்கு வருவதற்குள் காய்ந்த இடம் வேண்டும். எங்கள் முன் அறை காய்ந்த இடம். மாமனார் கட்டிய வீடு என்பதால் அந்த அறையில் அண்ணன் தம்பி இருவருக்கும் பாத்தியதை உண்டு.

"அந்த ரூமுல நான் ஆபீஸ் போடப் போறேனுங்க மாமா," என்றேன்.

"என்ன ஆபீஸு?"

"வீட்டு அலங்காரம். எந்தச் செவுத்துக்கு என்ன கலரு, எந்த ஜன்னலுக்கு என்ன திரைன்னு பிளான் போட்டுக் குடுக்கறது. வெப்சைட்டு ஆரம்பிக்கறேன். பார்த்துட்டு வருவாங்க."

மாமா தட்டில் மிச்சமிருந்த சட்னியை விரலால் வழித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை யோசித்தார்.

"சரி அம்மிணி. ஆடி முடியறதுக்குள்ள ஒருத்தராச்சும் போன்ல உன்னைய பார்த்துட்டு வரட்டும். சொந்தக்காரங்க கணக்குல வராது. வந்து, செருப்பைக் கழட்டிட்டு, இந்த ரூமுல உக்காந்து, 'என்ற வீட்டை அலங்காரம் பண்ணிக் குடு'ன்னு கேக்கட்டும். ரூமு உனக்கு. இல்லாட்டி ஆடிக் கடைசி நாளு சாயங்காலம் மூட்டை வந்து இறங்கும்."

ஒப்புக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் ஏற்றுமதிக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். முகம் தெரியாதவர்களின் ஜன்னல்களுக்குப் போகும் திரைச்சீலைகளில் தையல் பிசகு இருக்கிறதா என்று பார்த்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒரு ஜன்னலாவது என் யோசனைப்படி இருக்க வேண்டும் என்று ஆசை. அதற்கு ஓர் அறை வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

அறையை அளந்தேன். பதினொன்றுக்குப் பதின்மூன்று அடி. முதல்முறை பதினொன்றுக்குப் பதினான்கு வந்தது. டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த என் கணவர் வாசலில் கீரைக்காரர் குரல் கேட்டு ஓர் அடி வெளியே போயிருந்தார்.

திட்டம்: பெரிய சுவருக்கு இளமஞ்சள். ஜன்னலுக்குக் கோடு போட்ட பருத்தித் திரை. ஒரு பெஞ்சு, இரண்டு நாற்காலி. வேறு எதுவும் இல்லை. வருகிறவர்கள் சுவரைப் பார்க்க வேண்டும்.

மூன்று இளமஞ்சள்களைச் சுவரில் திட்டுத் திட்டாகப் பூசி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். அவர் வெகு நேரம் பார்த்தார்.

"இது மோரு. இது நீர்மோரு. இது நேத்து மோரு."

நேத்து மோரைத் தேர்ந்தெடுத்தேன்.

ஜூலை 9, புதன்

வலைத்தளம் திறந்தாயிற்று. முகப்பில் பெரிய எழுத்தில் "சுவர்கள் பேசும் மௌன மொழி" என்று போட்டிருந்தேன்.

மாலை ரெஜினா வந்தாள். கம்பெனியில் பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளராக இருந்தவள். கம்பெனி மூடியதும், வலைத்தளங்களைத் தேடுபொறியில் மேலே கொண்டுவரும் வேலையைக் கற்றுக்கொண்டாள். இப்போது மூன்று சேலைக் கடைகளும் ஒரு பல் மருத்துவரும் அவள் கையில்.

"வசு, உனக்குப் பல்லு வலிக்குது. போன்ல என்னன்னு தட்டுவே?"

"பல்வலிக்கு என்ன செய்யணும்னு."

"'பற்களின் மௌன ஓலம்'னு தட்ட மாட்டேல்ல?"

மாட்டேன் என்று தலையாட்டினேன்.

"அப்ப இந்த மௌன மொழியைத் தூக்கு. ஜனங்க எந்த வார்த்தையைத் தட்டுறாங்களோ அது தலைப்புல இருக்கணும். ஊரு பேரு இருக்கணும். ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம். போட்டோ கனமா இருந்தா பக்கம் திறக்கறதுக்குள்ள ஆளு போயிருவான். அப்புறம், போட்டோவுல என்ன இருக்குன்னு எழுத்துலயும் சொல்லணும். இருக்கறதை இருக்கற மாதிரி. இவ்வளவுதான் அடிப்படை. காபி போடு."

ஜூலை 10, வியாழன்

பார்வையாளர்கள்: மூன்று. நான், ரெஜினா, மறுபடி நான்.

ஜூலை 13, ஞாயிறு

வார்த்தை இருந்தால் நல்லது என்றால், நிறைய இருந்தால் இன்னும் நல்லதுதானே. முகப்பைத் திருத்தி எழுதினேன். "கரூர் வீட்டு அலங்காரம் தேடும் கரூர் மக்களே! கரூரில் வீட்டு அலங்காரம் என்றால் கரூர் வீட்டு அலங்காரம்தான்." இப்படி ஒரு பக்கம் முழுக்க.

என் கணவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவர் பூஜை அறைக்குப் போய் மணியை எடுத்துவந்தார். ஒவ்வொரு "கரூர் வீட்டு அலங்கார"த்துக்கும் ஒருமுறை ஆட்டி "நமஹ" என்றார். முடிவில் கற்பூரம் இருக்கிறதா என்று கேட்டார்.

ரெஜினா போனில் திட்டினாள். "இப்படித் திணிச்சா ஏமாத்துக்காரப் பக்கம்னு கீழ தள்ளிரும்டி. மனுஷங்க பேசற மாதிரி எழுது."

ஜூலை 17, வியாழன்

விடியற்காலையிலேயே அம்மன் கோயில் ஒலிபெருக்கி. ஆடி பிறந்துவிட்டது. பல் துலக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏனுங்க, ஆடியில யாராச்சும் வீட்டு வேலை தொடங்குவாங்களா?"

"தொடங்க மாட்டாங்க."

"வீட்டு வேலை பேசறதுக்காச்சும் போவாங்களா?"

"அதுவும் போக மாட்டாங்க."

"அன்னிக்கு மாமா சொல்லும்போதே சொல்லியிருக்கலாமல்ல?"

"இட்லி சாப்பிட்டுட்டு இருந்தேன்."

ஜூலை 19, சனி

சுவர் முடிந்தது. அழகாக இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் மங்கி, டியூப்லைட் போட்ட பிறகு ஒரு படம் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் மூலையில் பல்லி இருந்தது தெரிந்தது. மறுபடி எடுக்கப் போனேன். போனில் சார்ஜ் இல்லை.

படத்துக்குக் கீழே, ரெஜினா சொன்னபடி, இருப்பதை எழுதினேன்: "கரூர் செங்குந்தபுரத்தில் ஒரு வீட்டின் முன் அறை. இளமஞ்சள் சுவர். கன்னி மூலையில், கூரையிலிருந்து ஒரு சாண் கீழே, பல்லி ஒன்று. தலை மேல்நோக்கி. வால் முழுமையாக உள்ளது."

ஒரு பொருளைப் பார்த்துவிட்டுக் குறிக்காமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

ஜூலை 23, புதன்

வலைத்தளத்துக்கு ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்திருக்கிறார்கள்.

எந்த வார்த்தைகளைத் தட்டி வந்தார்கள் என்று பார்க்கும் இடத்தை ரெஜினா காட்டிக் கொடுத்திருந்தாள். திறந்தேன்.

"கன்னி மூலையில் பல்லி." "பல்லி தலை மேலே இருந்தால் என்ன பலன்." "வீட்டில் முழு வால் பல்லி நல்லதா."

"கரூர் வீட்டு அலங்காரம்" என்று தட்டியவர் ஒருவர். அது நான்.

ரெஜினாவுக்குச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்து, எடுத்து, மறுபடி சிரித்தாள். "முதல் இடம் வசு! கன்னி மூலைப் பல்லிக்கு நீதான் முதல் இடம்! சேலைக் கடைக்காரங்களுக்கு ரெண்டு வருஷமா மல்லுக்கட்டறேன், ஒண்ணும் வரலை. நீ ஒரு பல்லியை வச்சுக்கிட்டு ஏறிட்டே!"

நான் சிரிக்கவில்லை. படத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் முதல் இடம்.

ஜூலை 24, வியாழன்

காலையிலிருந்து அழைப்புகள். இரண்டை மட்டும் குறிக்கிறேன்.

நாமக்கல்லிலிருந்து ஒருவர்: "இடது தோள்ல விழுந்துருச்சுங்க."

"நாங்க வீட்டு அலங்காரம் பண்றவங்க."

"சரிங்க. நான் வீட்டுலதான் இருந்தேன்."

பெயர் சொல்ல விரும்பாத பெண், மெல்லிய குரலில்: "மாமியார் தலையில விழுந்தா மருமகளுக்கு ஏதாச்சும் பலன் உண்டுங்களா?"

எனக்குத் தெரியாது என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

என் கணவர் என் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போகிறார். வங்கி விஷயம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்ன வங்கி விஷயம் என்று நான் கேட்கவில்லை. ஆனால் கொடியில் துணி காயப்போடும்போது காதில் விழுந்தது: "வலது தோள்னா வெற்றிதாங்க. கவலையே படாதீங்க. என்னது, இடதா? இருங்க, பக்கம் திருப்பறேன்."

பஞ்சாங்கம் அலமாரியில் இல்லாததால்தான் நான் அந்தப் பக்கம் போனேன். எனக்கும் அது தேவைப்பட்டது, படத்தின் விளக்கத்தைச் சரிபார்க்க.

ஜூலை 30, புதன்

ரெஜினாவின் யோசனை: "வந்தவங்களைத் துரத்தாதே. பல்லிக்குப் பதில் சொல்லிட்டு, அப்படியே செவுத்துக்குக் கூட்டிட்டு வா."

நல்ல யோசனை. "பல்லி வராமல் சுவரைப் பராமரிப்பது எப்படி" என்று ஒரு பக்கம் எழுதினேன். கூரையும் சுவரும் சேரும் இடத்தில் உள்ள இடுக்குகளை வெள்ளைச் சிமெண்டால் அடைக்கவும். மாலையில் தேவையில்லாமல் விளக்கு எரிய விட வேண்டாம். பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும்.

முன் அறை டியூப்லைட்டை இப்போதெல்லாம் அந்தி சாயும் முன்பே போட்டு வைக்கிறேன். செயற்கை வெளிச்சத்தில் நிறம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பூச்சி வருகிறது. பல்லியும் வருகிறது. நிறம் நன்றாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆற்றங்கரைக்குப் போய்ப் புளிசாதமும் தேங்காய் சாதமும் சாப்பிட்டோம். திரும்பும்போது மாமாவும் கூடவே வந்து, பையிலிருந்து டேப்பை எடுத்து முன் அறையை அளந்தார்.

"பதினொண்ணுக்குப் பன்னெண்டே முக்கால்."

"பதின்மூணுங்க மாமா."

"பன்னெண்டே முக்கால் அம்மிணி."

ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்தோம். பதின்மூன்று. மாமாவுக்குச் சந்தோஷம், இன்னும் ஒரு வரிசை மூட்டை அடுக்கலாமாம். போகும்போது சுவரைப் பார்த்தார்.

"கலரு நல்லாத்தான் இருக்குது. அடுக்குனா தெரியாது."

ஆகஸ்ட் 8, வெள்ளி

முக்கியமான அழைப்பு. குளித்தலையிலிருந்து காந்திமதி என்ற பெண்மணி.

"புது வீடு கட்டி, பால் காய்ச்சி, குடிவந்து மூணு மாசமாச்சுங்க. இன்னும் ஒரு பல்லிகூட வரலை."

"நல்லதுதானுங்களே?"

"என்னங்க இப்படிச் சொல்றீங்க! பல்லி இல்லாத வீட்டுல தங்க மாட்டேன்னு எங்க மாமியார் பழைய வீட்டுலயே உக்காந்துட்டாங்க. அவங்களைத் தனியா விடக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரும் சாயங்காலமானா அங்க போயிடறாரு. அவ்வளவு பெரிய வீட்டுல நான் ஒருத்தி டிவி பார்க்கறேன். உங்க போட்டோ பார்த்தேன். அதே மாதிரி ஒரு ஹாலு வேணும். அதே கலரு, அதே வெளிச்சம், பல்லி வர்ற மாதிரி."

பல்லியைத் துரத்தும் பக்கத்தை அவர் படிக்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டேன். நானும் சொல்லவில்லை.

"பதினாறாம் தேதி சாயங்காலம் வர்றேன். ஆடி முடியற நாளு, வந்து பார்த்தா தப்பில்லை. பல்லியை நேர்ல பார்த்துட்டேன்னா மறுநாளே வேலை தொடங்கிடலாம். எத்தனை மணிக்கு வருமுங்க அது?"

"டியூப்லைட் போட்டு அரை மணி நேரத்துல. ஜன்னலுக்கு மேல் இடுக்குல இருந்து வரும். முதல்ல காலண்டர் ஆணிகிட்ட நிக்கும், அப்புறம்தான் மூலைக்குப் போகும்."

சொல்லி முடித்த பிறகு, இவ்வளவு எனக்கு எப்படித் தெரியும் என்று நானே யோசித்தேன். தொழில் பழக்கம்.

என் கணவரிடம், பதினாறாம் தேதி ஒருவர் ஹாலுக்கு அலங்காரம் பேச வருகிறார் என்று மட்டும் சொன்னேன். மற்ற விவரம் அவசியமில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பல்லி வந்தது. வால் முழுமை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலை ரெஜினா வீட்டில் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டு இருந்தேன். மதியம் வந்தால், என் கணவர் முன் அறையில் ஸ்டூல் மேல் நிற்கிறார். கையில் பூச்சுக் கரண்டி. முகமெல்லாம் வெள்ளைச் சிமெண்ட். சிரிப்பு.

"உன்ற வெப்சைட்டுல போட்டிருக்கற மாதிரியே இடுக்கையெல்லாம் அடைச்சுட்டேன், வசு. நாளைக்கு ஆளு வர்றாங்களே, ரூமு குறையில்லாம இருக்கணும்ல? இனி ஒரு பல்லி நுழையட்டும் பார்க்கலாம்."

வேலையைப் பார்த்தேன். முப்பது வருடத்தில் அவர் வீட்டில் செய்த வேலைகளிலேயே நேர்த்தியானது. ஒரு நூல் இடைவெளிகூட இல்லை.

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அவர் குளிக்கப் போனதும் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன். இறுகிவிட்டது. மாலை டியூப்லைட் போட்டேன். பூச்சி மட்டும் வந்தது.

ஆகஸ்ட் 16, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காந்திமதி அந்தி சாயும் நேரத்தில் வந்தார். நடுத்தர வயது, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வாசலில் செருப்பைக் கழற்றினார். அதே நேரம் மாமாவின் டெம்போ வந்து நின்றது. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் டிரைவர் ஒரு மூட்டையைத் தூக்கிவந்து ஜன்னலடியில் போட்டார். மாமா அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். காந்திமதி பெஞ்சில் உட்கார்ந்தார். மாமா வாசலில் இருந்த செருப்பைப் பார்த்தார்.

"என்ன விஷயமா வந்தீங்க?"

"பல்லி பார்க்க."

"பார்த்தியா அம்மிணி," என்றார் மாமா என்னிடம். "பல்லி பார்க்க வந்தவங்க கணக்குல வராது."

"ஏங்க, பல்லி எங்க இருக்கும்? செவுத்துலதானே? செவுரு அலங்காரத்துல சேர்த்தி இல்லையா?" என்றார் காந்திமதி.

மாமாவால் மறுக்க முடியவில்லை. "சரி. அப்ப பண்ணிக் குடுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுருங்க. நான் மூட்டையைத் தூக்கிட்டுப் போயிடறேன்."

"பல்லியைப் பார்த்துட்டுக் கேக்கறேன்."

எல்லோரும் மூலையைப் பார்த்தோம். என் கணவருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. நேற்று அவர் பூசிய சிமெண்டும் அவர் முகமும் ஒரே நிறத்துக்கு வந்தன.

"வசு, நான் நேத்து..."

"தெரியுமுங்க. காபி எடுத்துட்டு வாங்க."

காபி குடித்தோம். வாழைப்பழம் சாப்பிட்டோம். டியூப்லைட்டைச் சுற்றிப் பூச்சிகள் மொய்த்தன. காலண்டர் ஆணியில் காலண்டர் மட்டும் இருந்தது. காந்திமதி கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு," என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார்.

மாமா எழுந்தார். "டிரைவர் காத்துக்கிட்டு இருக்கான். மிச்ச மூட்டையை இறக்கச் சொல்லட்டுமா, அம்மிணி?"

கேட்ட குரல் கடுமையாக இல்லை. அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தலையாட்டப் போனேன்.

அவர் உட்கார்ந்திருந்த மூட்டையின் தையல் வாயில் ஏதோ அசைந்தது. பெட்ஷீட் மடிப்புக்குள்ளிருந்து ஒரு பல்லி தலையை நீட்டியது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது, தரையில் இறங்கி ஓடியது, சுவரில் ஏறியது. கன்னி மூலைக்குப் போய், கூரைக்கு ஒரு சாண் கீழே, தலையை மேலே வைத்து நின்றது.

வால் பாதிதான் இருந்தது. நான் குறிப்பிடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறை.

"இதேதாங்க!" காந்திமதி பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டார். "இதே கலரு, இதே மூலை! எங்க ஹாலை இதே மாதிரி பண்ணிக் குடுங்க!"

"அது என்ற மூட்டைல வந்த பல்லிங்க!" மாமா கத்தினார். "என்ற கிடங்குல பொறந்து வளர்ந்த பல்லி! அதுக்காக இந்த ரூமு வசுவுக்குத்தான்னு நான் சொல்லணுமாக்கும்?"

சுவரில் பல்லி உச்சுக் கொட்டியது. மூன்று முறை, நிதானமாக.

மாமாவின் ஆள்காட்டி விரல் ஜன்னல் சட்டத்தில் டொக் டொக் டொக் என்று தானாகவே தட்டியது. உதடு "கிருஷ்ணா" என்றது. பிறகு அவர் தன் விரலைப் பார்த்தார். பல்லி சொன்னால் தட்டுவது அறுபது வருடப் பழக்கம். அவரைக் கேட்காமல் தட்டிவிட்டது.

"அவ்வளவுதாங்க," என்றார் காந்திமதி. "சொல்லிருச்சு."

"சொல்லிருச்சு," என்றார் என் கணவர், மிக மெதுவாக.

மாமா வாசலுக்குப் போய், "வண்டியைத் திருப்பு. தகரக்காரனுக்குப் போனைப் போட்டு நாளைக்கே வரச் சொல்லு," என்றார். திரும்பி வந்து மூட்டையில் கைவைத்தார்.

"அதை எடுக்காதீங்க," என்றார் காந்திமதி. "எங்க ஹாலுக்கு அதே மாதிரி ஒண்ணு வேணும். உள்ள பல்லி இருக்கறதா பார்த்துக் குடுங்க."

மாமாவின் முகம் வியாபார முகமாக மாறியது. "டபுள் பெட்டா, சிங்கிள் பெட்டா?"

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. காலையில் குளித்தலை. ஹால் பதினாறுக்குப் பதினான்கு, இரண்டு முறை அளந்தேன். மேற்குச் சுவருக்கு நேத்து மோர் சரியாக இருக்கும்.

ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தெருவிலும் வைத்தபடி காந்திமதியின் மாமியார் நின்றிருந்தார். அவருடைய மகன் அருகில் நின்றார். உள்ளே வருவதா இல்லையா என்று மாமியார் இன்னும் முடிவு செய்யவில்லையாம்.

கன்னி மூலையைத் தடவிப் பார்த்தேன். கொத்தனார் கெட்டிக்காரர். எங்கேயும் ஓர் இடுக்கு இல்லை. இந்த வீட்டில் முதலில் செய்ய வேண்டிய வேலை எது என்று தெரிந்துவிட்டது.

என் கணவர் டிரில்லிங் மெஷினோடு ஏணியில் ஏறினார். "ஓட்டை எவ்வளவு பெருசு போடட்டும், வசு?"

நான் சொல்வதற்குள் பின்னால் காலடிச் சத்தம். மாமியார் ஹாலைக் கடந்து ஏணியடிக்கே வந்து நின்று, அண்ணாந்து பார்த்தார்.

"தனியா வந்தா தங்காது, தம்பி. ஜோடியா நுழையற அளவுக்குப் போடு."